பால்யத்தில் பட்ட அடி: கெடாத் தோட்டக் குடும்பங்களில் வன்முறையின் வழிவரவு

தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களில் கணவன் மனைவியை அடிப்பதற்குக் காரணம் யாதென்று வினவினால், கங்காணிக் காலந்தொட்டு இன்றுவரை பெரும்பாலோர் தரும் விடை கள் என்பதே. இவ்விடைக்குச் சரித்திரச் சான்றும் உண்டு. 1947-ஆம் ஆண்டின் முற்பகுதியில், மலாயாவின் கெடா மாநிலத்தில் பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தின் ஏ. எம். சாமி திரட்டிய தொண்டர் படையினர், கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்று மறியல் செய்து, போலீசாரோடு மோதி, அடியும் சிறையும் பட்ட வரலாறு கெடாத் தொழிலாளர் இயக்கத்தின் உயரிய அத்தியாயங்களுள் ஒன்று. பகலெல்லாம் பால்மரம் வெட்டி ஈட்டிய கூலி மாலையில் கள்ளுக்கடைக்குப் போய், இரவில் அடியும் உதையுமாக லயம் என்னும் வரிசைவீட்டுக்குத் திரும்புவதைக் கண்கூடாகக் கண்டவர்கள் அவர்கள். அவர்கள் கண்டது மெய்யே. ஆயினும் நோயின் மூலம் அதற்கும் அப்பால் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

ஒரே கடையில் ஒரே அளவு குடித்த இருவரில் ஒருவன் வீடு சென்று உறங்கிவிட, மற்றவன் மனைவியின் கூந்தலைப் பற்றி முற்றத்துக்கு இழுப்பானேயானால், அவ்விருவருக்குமுள்ள வேற்றுமையைக் கள்ளின் குணத்தில் தேடிப் பயனில்லை. அவர்கள் வளர்ந்த வீடுகளில் தேடவேண்டும். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் பெலிட்டி, ஆண்டா என்னும் மருத்துவர் இருவர் நடத்தி, 1998-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு வலுவான ஆதாரம் தருகிறது. பால்யத்தில் அடி, அவமதிப்பு, பாலியல் கொடுமை, தாய் அடிபடக் காணுதல் முதலிய துன்ப வகைகளுள் நான்கையோ அதற்கு மேற்பட்டவற்றையோ அனுபவித்தோருக்கு, எதையும் அனுபவியாதோரைவிடக் குடிநோயும் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் 4 முதல் 12 மடங்கு மிகுந்திருந்தன. அதே ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக 2003-இல் வெளிவந்த கட்டுரை, உடலடி, பாலியல் கொடுமை, தாய்பட்ட அடி ஆகிய மூன்றுக்கும் ஆளான பிள்ளைகளுள், பெண்கள் பிற்காலத்தில் கணவனிடம் அடிபடும் அபாயமும், ஆண்கள் மனைவியை அடிக்கும் அபாயமும் மூன்றரை மடங்கோ அதற்கு மேலோ உயர்வதைக் காட்டிற்று. இங்கே குறிக்கத்தக்கது யாதெனில், அந்நகரில் விசாரிக்கப்பட்டோர் பெரும்பாலும் படித்தவர்கள், மருத்துவக் காப்புறுதி உடையவர்கள், வெள்ளையர். லயமும் கங்காணியும் கள்ளுக்கடையும் அவர்கள் அறியாதவை. ஆகவே குடியும்கூடப் பல சமயங்களில் காரணமாகாமல் காரியமாக, அதாவது பழைய புண்ணுக்குத் தானே தேடிக்கொண்ட மருந்தாக, நிற்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

லயத்தின் அமைப்பை நினைவில் கொண்டால் இவ்வுண்மை இன்னும் விளங்கும். பலகைத் தடுப்பு ஒன்றே வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே நின்ற அந்நாளில், ஒருத்தி பட்ட அடியை வரிசை முழுவதிலும் உள்ள குழந்தைகள் கேட்டார்கள். ‘புருஷன் பொஞ்சாதி சண்டை, நமக்கென்ன’ என்று பெரியவர்கள் சொல்லிப் படுத்துக்கொண்டதையும் அவர்கள் கேட்டார்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போகும் தாய், வீங்கிய முகத்தோடு பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்ல, அப்பிள்ளை அன்று கற்ற பாடம் எது? அடிப்பவனைக் கேட்பார் இல்லை என்பதும், அடிபடுபவள் மறுநாள் வேலைக்குப் போயே ஆகவேண்டும் என்பதுமன்றோ? ஆண்பிள்ளைக்கு அது அதிகாரத்தின் இலக்கணமாயிற்று. பெண்பிள்ளைக்குப் பொறுமையின் இலக்கணமாயிற்று.

இதனோடு யுத்தகாலத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். 1942 முதல் 1945 வரை மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர், பலர் திரும்பவில்லை, திரும்பியோரும் காய்ச்சலும் புண்ணும் பசியும் தின்றது போக எஞ்சிய உடலோடு வந்தனர். 1947-இல் கள்ளுக்கடை வாசலில் மறியல் நடந்தபோது லயத்தில் ஐந்து வயதும் எட்டு வயதுமாக இருந்த குழந்தைகளுள் பலர், தந்தையை இழந்தவர்கள் அல்லது இரவில் அலறி எழும் தந்தையைப் பெற்றவர்கள். அக்குழந்தைகளே அறுபதுகளில் கணவரும் மனைவியரும் ஆயினர். தொண்டர் படை கடையை மூட முனைந்தது. அக்குழந்தைகளின் பயத்தைக் கவனிக்க அந்நாளில் எவருக்கும் அவகாசமும் இல்லை, சாஸ்திரமும் இல்லை. அதற்காகத் தொண்டர் படையினரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் பால்யத் துன்பத்தைத் தலைவிதியாக்கிவிடுவது பெரும் பிழை. தாம் அடிபட்டு வளர்ந்து தம் பிள்ளைகளையும் துன்புறுத்துவோர் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் மட்டுமே என்று காஃப்மன், சிக்ளர் என்னும் அறிஞர்கள் 1987-இல் பல ஆய்வுகளைச் சீர்தூக்கி மதிப்பிட்டனர். எஞ்சிய பெரும்பான்மையோர் அச்சங்கிலியை அறுத்தவர்கள். தன்னை நேசித்த ஒரு பாட்டியோ, ஓர் ஆசிரியரோ குழந்தைக்குக் கிட்டியிருந்தாலும், தான் பட்டது கொடுமைதான் என்று வளர்ந்தபின் வாய்விட்டுச் சொல்ல இடம் கிட்டினாலும் அறுபடுதல் எளிதாகிறது. ஆதலால் அடிக்கும் கணவனின் பால்யத்தை நாம் ஆராய்வது அவனுக்கு மன்னிப்புச் சீட்டு வழங்குவதற்கன்று. அவனைப்போலவே வளர்ந்தும் கைநீட்டாத அண்டைவீட்டானே அவனுக்கு எதிரான சாட்சி.

மலேசியாவில் 1989-ஆம் ஆண்டைக் குறித்துப் பெண்கள் உதவி அமைப்பு மேற்கொண்ட ஆய்வு, தீபகற்பத்தில் வயதுவந்த பெண்களுள் 39 விழுக்காட்டினர் துணைவரால் அடிபட்டதாக மதிப்பிட்டது. எல்லா இனத்தாரையும் தழுவிய கணக்கு அது. இதைத் தோட்டத்து வியாதி என்று ஒதுக்கிவைக்க நகரத்தாருக்கு உரிமையில்லை. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1996-இல் நடைமுறைக்கு வந்தது. 2012-இன் திருத்தம் மனத்துயர் விளைவிப்பதையும் வன்முறையாக ஏற்றது. 2017-இன் திருத்தம் நீதிமன்றத்துக்குச் செல்லாமலே சமூகநல அதிகாரியிடம் அவசரப் பாதுகாப்பு ஆணை பெற வழிசெய்தது. 15999 என்ற தொலைபேசி எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். இவையெல்லாம் நன்மையே. ஆனால் அடிபட்டவளின் காயத்தை எழுதிக்கொள்ளும் அதிகாரி, மூலையில் நின்று பார்த்த பிள்ளையையும் நோயாளியாகக் கருதாதவரை, சட்டம் ஒரு தலைமுறையைக் காத்து மறுதலைமுறையைக் கைவிடுகிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், குடும்பங்கள் சுங்கைப்பட்டாணியின் மலிவுவிலை அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தன. கள் போய்ச் சம்சு என்னும் மலிவுச் சாராயம் வந்தது. லயத்தில் அரைகுறையாகவேனும் நடந்த கோயில் பஞ்சாயத்தும் அடங்கிற்று. கதவு சாத்திய வீட்டில் நடப்பது அண்டைவீட்டாருக்கும் கேட்பதில்லை. இன்று அவ்வீட்டுப் பிள்ளையை நாள்தோறும் காணும் வெளியார் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரே. வகுப்பில் உறங்கிவிழும் பையனையும், கைதூக்கினால் முகத்தை மறைத்துக்கொள்ளும் சிறுமியையும் கண்டுகொள்ளும் பயிற்சி அவருக்கு அளிக்கப்படவேண்டும்.

2001-இல் நிறுவப்பெற்று இப்பொழுது பீடோங்கில் இயங்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் மருத்துவத் துறையினருக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. இவ்வட்டாரத்து முதியோரின் பால்ய வரலாற்றை அவர்கள் மொழியிலேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள். யுத்தகாலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இவ்வேலையைத் தள்ளிவைக்கக் காலமில்லை.