கோஷன் அரை மைல்

கோசேன் என்றதும் தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு, யாக்கோபின் குடும்பம் ஆடுமாடுகளோடு போய்க் குடியேறிய எகிப்தின் மேய்ச்சல் நாடு நினைவுக்கு வரும். நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்ச் கவுன்டியில் குடியேறியவர்களும் தங்கள் ஊருக்கு அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க வாயில் அது கோஷன். ஒரு காலத்தில் வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். இப்போது அதை வெளியுலகம் அறிவது ஊர் நடுவே கிடக்கும் அரை மைல் வட்டம் ஒன்றால். 1838 முதல் அங்கே குதிரைகள் ஓடுகின்றன. வண்டி பூட்டிய குதிரைப் பந்தயத்துக்கு அமெரிக்காவில் இன்றும் புழக்கத்தில் உள்ள மிகப் பழைய ஓடுபாதை அதுதான். அதன் பெயரே ‘ஹிஸ்டாரிக் டிராக்’.

இந்தப் பந்தயத்தில் குதிரை மேல் யாரும் ஏறுவதில்லை. நம் ரேக்ளாவைப் போன்ற, அதைவிடவும் மெலிந்த, இரண்டு சக்கர ‘சல்க்கி’ வண்டியில் ஓட்டி உட்கார்ந்திருப்பார். குதிரையும் நாலுகால் பாய்ச்சலில் போகக்கூடாது. குதிரை நடையை ஐங்கதி என்று பகுத்துப் பேசிய மொழி நம்முடையது. ஆகவே நமக்கு இது எளிதில் புரியும். ட்ராட்டர் என்னும் குதிரைக்குப் பெருநடை: வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழும், அடுத்து மற்ற இரண்டு. பேசர் என்னும் வகைக்கு ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து போகும், ஒட்டக நடை மாதிரி. வேகத்தின் வெறியில் குதிரை நடை தவறிப் பாய்ச்சலுக்குத் தாவிவிட்டால், ஓட்டி அதை மற்ற வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுக்கி, வாரை இழுத்துப் பிடித்து, மறுபடி அதற்குரிய நடைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் நாலைந்து வண்டிகள் தாண்டிப் போயிருக்கும். எவ்வளவு வேகம் இருந்தாலும் அதைக் காலுக்குள் அடக்கி வைத்திருக்கும் குதிரைக்கே பரிசு. விளையாட்டுகளில் இப்படி ஒரு நிபந்தனை அபூர்வம். நடைப்போட்டி ஒன்றைத்தான் இணையாகச் சொல்லலாம்.

இந்தக் கலை ஏன் ஆரஞ்ச் கவுன்டியில் வேர்விட்டது என்பதற்கு ஒரு குதிரைக் கதை உண்டு. 1788இல் இங்கிலாந்திலிருந்து பிலடெல்பியாவில் வந்திறங்கிய மெசஞ்சர் என்ற சாம்பல் நிறக் குதிரையிலிருந்து அது தொடங்குகிறது. அதன் பேரன் அப்தல்லா பார்வைக்கு லட்சணமில்லாதது, குணமும் முரடு. கோஷனுக்குப் பக்கத்தில் சுகர் லோஃப் என்ற இடத்தில், ஜோனஸ் சீலி என்பவரின் பண்ணையில், 1849 மே மாதம் அப்தல்லாவுக்கும் நொண்டியான ஒரு பெட்டைக்கும் பிறந்தது ஒரு குட்டி. சீலியின் பண்ணையாள் வில்லியம் ரைஸ்டிக் அதன் மேல் ஆசை வைத்தார். தாயையும் குட்டியையும் சேர்த்து 125 டாலர் விலை. அந்தக் குட்டிதான் ஹாம்பிள்டோனியன்.

அது பந்தயத்தில் ஓடிப் பெயர் வாங்கிய குதிரை அன்று. பெயர் எல்லாம் பொலிகுதிரையாக நின்று சம்பாதித்தது. 25 டாலராக இருந்த பொலிக் கட்டணம் 500 வரை ஏறியது. 1876இல் சாகும்போது அதன் வாரிசுக் குட்டிகளின் கணக்கு 1,331. இன்று அமெரிக்காவில் சல்க்கி இழுக்கும் ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தந்தைவழி மூதாதை இதுதான். பண்ணையாள் செல்வந்தரானார். பக்கத்து ஊரான செஸ்டரில் குதிரைக்கு நினைவுத்தூண் நிற்கிறது. முதலாளி சீலி அந்தத் தூணைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

1841இல் ஈரி ரயில்பாதை கோஷனை எட்டியது. ஆரஞ்ச் கவுன்டியின் பால் நியூயார்க் நகரத்துக்குப் போக, நகரத்துப் பணமும் பந்தய ஆர்வமும் எதிர்த்திசையில் வந்தன. ரயில்வே அதிபர் ஈ. எச். ஹாரிமன் போன்ற பெரும்புள்ளிகள் குதிரைகளோடு வரத் தொடங்கினார்கள்.

அதே ஊரில் வில்லியம் கேன் என்பவரின் ‘குட் டைம் பார்க்’ இருந்தது. ஒரு மைல் நீளம், முக்கோண வடிவம். மூன்று வயது ட்ராட்டர்களுக்கான தலையாய பந்தயமான ஹாம்பிள்டோனியன் ஸ்டேக்ஸ், 1926இல் சிரக்யூஸில் தொடங்கி, 1930இல் இங்கே வந்து சேர்ந்தது. போர்க்காலத்தில் 1943 ஒரு வருஷம் தவிர, 1956 வரை கோஷனிலேயே நடந்தது. ‘கிரேஹவுண்ட்’ என்ற வெண்சாம்பல் குதிரை 1935இல் ஜெயித்தது இந்த முக்கோணத்தில்தான்; 1938இல் அது மைலை 1 நிமிடம் 55¼ விநாடியில் கடந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் நாடே அந்தச் சிற்றூரைத் திரும்பிப் பார்த்த காலம் அது. கேன் 1956இல் இறந்தார். பந்தயம் இல்லினாய் மாநிலத்துக்குப் போயிற்று. குட் டைம் பார்க் இப்போது இல்லை.

லாங் ஐலண்டில் 1940இல் திறந்த ரூஸ்வெல்ட் ரேஸ்வேயின் கதை இன்னும் பெரியது. மின்விளக்கில் இரவுப் பந்தயம், சட்டம் அனுமதித்த பந்தயப் பணம். குதிரைகளை ஒரே வரிசையில் நிறுத்திக் கிளப்புவது அதுவரை பெரும் தலைவலி. சரியாகப் புறப்படவில்லை என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். கூட்டம் சலித்துப் போகும். காரின் பின்னால் விரிந்த இரண்டு கைகளாகத் தடுப்பை மாட்டி, குதிரைகளுக்கு முன்னே ஓட்டிப்போய், கோட்டைத் தொட்டதும் கைகளை மடக்கிக்கொண்டு விலகும் ஏற்பாட்டை 1946இல் அங்கேதான் கொண்டுவந்தார்கள். உலகம் முழுக்க அது பரவிவிட்டது. ஆனால் 1971இல் நியூயார்க் நகரமே தெருமுனைகளில் பந்தயப் பணம் கட்டும் கடைகளைத் திறந்ததும் அரங்கம் காலியாகத் தொடங்கியது. 1988இல் ரூஸ்வெல்ட் மூடப்பட்டது.

ஹிஸ்டாரிக் டிராக் பிழைத்ததற்குக் காரணம் அதன் சிறுமைதான் என்பது என் கணிப்பு. இழப்பதற்குப் பெரிய வசூல் அதற்கு இருந்ததே இல்லை. ஈ. எச். ஹாரிமனின் மகன் ரோலண்ட் ஹாரிமன் போன்றவர்களுக்கு அது லாபக் கணக்கைத் தாண்டிய பற்று. பாதையை ஒட்டிய ‘குட் டைம் ஸ்டேபிள்’ என்ற பழைய லாயத்தில் 1951இல் ட்ராட்டர் குதிரைகளுக்கு அருங்காட்சியகம் பிறந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1966இல் மத்திய அரசு இந்த அரை மைலைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

நியூயார்க் நகரத்திலிருந்து கோஷன் சுமார் 60 மைல்தான். அங்கே உறவினர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஜூலை முதல் வாரத்தை ஒட்டிப் பயணம் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியப் பந்தயங்கள் நடப்பது அப்போதுதான். மற்ற மாதங்களில் போனால், காலைப் பயிற்சிக்கு வரும் குதிரைகளையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.