கற்பித்ததைத் திரும்பப் பெற முடியுமா?



வில்லை விட்டு நீங்கிய அம்பு, பெற்ற வேகத்தாலும் பூமியின் ஈர்ப்பாலும் வளைந்து சென்று விழுகிறது. பாலிஸ்டிக் ஏவுகணையும் அவ்வாறே. எரிபொருள் சில நிமிடங்களே அதனை உந்தும். பின்னர் அது எறிந்த கல்லாகவே செல்லும். இத்தகைய கருவியை ஆக்குவதில் சோவியத் நாடும் சீனாவும் கைகோத்துப் பிரிந்த வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

1956ஆம் ஆண்டு அக்டோபரில் சீனா ஏவுகணை ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவியது. அதன் தலைவர் சியான் சுவேசென். கலிபோர்னியாவில் ராக்கெட் விஞ்ஞானியாகப் புகழ் பெற்றிருந்தும், அங்கே சந்தேகத்துக்கு ஆளாகி, 1955இல் தாயகம் திரும்பியவர் அவர். ஆனால் அறிஞர் ஒருவர் மட்டும் போதுமா? தொழிற்சாலையும் வரைபடமும் பழகிய கைகளும் வேண்டுமல்லவா?

அவற்றைத் தர மாஸ்கோ முன்வந்தது. அக்காலத்தில் குருஷ்சேவுக்குச் சீனாவின் அரசியல் ஆதரவு தேவைப்பட்டது. 1957 அக்டோபர் 15ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 600 கிலோமீட்டர் செல்லும் ஆர்-2 ஏவுகணையும் அதன் வரைபடங்களும் நிபுணர்களும் சீனா சென்றனர். அந்த ஆர்-2 தானும் ஜெர்மானியரின் வி-2 வழிவந்ததே. ஆக, ஆசிரியராக வந்தவரும் முன்பு பிறரிடம் பாடம் கேட்டவரே!

நட்பு நீடிக்கவில்லை. அணுகுண்டின் மாதிரியைத் தர 1959இல் மாஸ்கோ மறுத்தது. 1960 ஜூலையில் எல்லாத் துறைகளிலும் பணியாற்றிய தன் நிபுணர்களைத் திரும்ப அழைத்தது. ஆயினும் அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள், ஆர்-2இன் படியாகச் சீனர் செய்த ஏவுகணை விண்ணில் எழுந்தது. அடுத்து அவர்களே வடிவமைத்தது 1962 மார்ச்சில் வீழ்ந்தது. பிழையை ஆராய்ந்து திருத்தி, 1964 ஜூனில் வெற்றி கண்டனர். 1966 அக்டோபரில் அதன் மேம்பட்ட வடிவம் அணுகுண்டையே சுமந்து சென்று வெடித்தது. 1969இல் உசூரி ஆற்றங்கரையில் இரு நாட்டுப் படைகளும் மோதின.

நெடுங்காலம் வகுப்பறையில் நின்ற எனக்கு இதில் வியப்பில்லை. ஆசிரியரைத் திரும்ப அழைக்கலாம். மாணவன் கற்றதை எவ்வாறு அழைப்பது? 1987இல் ஏழு நாடுகள் கூடி, ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவுவதைத் தடுக்க விதிகள் வகுத்தன. 2016இல் இந்தியாவும் அவ்வமைப்பில் சேர்ந்தது. ஆயுத அறிவைப் பகிருமுன், இன்றைய நண்பர் நாளை யாராவார் என்று எண்ண வேண்டும். கொடுத்தபின் எண்ணுவதால் பயனில்லை.