கணக்கு உதைத்த பீரங்கி

வடக்கத்திக் குளிரில் உள்ளங்கையைத் தேய்க்கிறோமே, அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

வெப்பம் ஒரு சரக்கு, பொருளுக்குள் இருப்பில் இருக்கிறது, உரசினால் கசிகிறது என்றுதான் அந்தக்கால ஐரோப்பிய விஞ்ஞானிகள் பலர் நம்பினார்கள். 1789-ல் லவாய்சியர் அதைத் தனிமப் பட்டியலிலேயே சேர்த்தார். பெயர் கலோரிக்.

ம்யூனிக் ஆயுதச்சாலையில் பீரங்கிக் குழாய் குடைவதைக் கவனித்த ரம்ஃபோர்டுக்குக் கணக்கு உதைத்தது. மழுங்கின குடைகருவியை உலோகத்தில் அழுத்தி, சுற்றிலும் தண்ணீர் வைத்து, குதிரைகளை விட்டுச் சுற்றவைத்தார். இரண்டரை மணி நேரத்தில் சுமார் 8.5 கிலோ தண்ணீர் கொதித்தது. நெருப்பே இல்லை! சுற்றச் சுற்றச் சூடு வந்துகொண்டே இருந்தது. இருப்பு என்றால் தீரவேண்டுமே? ஆகவே வெப்பம் சரக்கல்ல, இயக்கம் என்று 1798-ல் எழுதினார்.

கலோரிக் அதற்குப் பிறகும் ஐம்பது வருடம் தாக்குப்பிடித்தது. மான்செஸ்டர் பக்கத்து பீர் ஆலைக் குடும்பத்துப் பிள்ளை ஜூல்தான் 1840-களில் மாற்று விகிதத்தைத் துல்லியமாக அளந்தார். ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடாக, சுமார் 425 கிலோ எடை ஒரு மீட்டர் இறங்கவேண்டும்.

ரம்ஃபோர்டும் வரவு செலவு தெரிந்தவர்தான். வெந்நீர் மட்டும் போதுமென்றால் குதிரைத் தீவனத்தை எரிப்பதே லாபம் என்று அவரே எழுதிவைத்தார்!