எல்லையில் நின்றுவிடும் எண்கள்: ஓசூர்த் தொழில் வட்டாரமும் குறுங்காலப் பொருளியல் புள்ளிவிவரங்களின் திட்டமிடலும்

உற்பத்தி, விலை, விற்பனை, வேலைவாய்ப்பு ஆகியவை அண்மைக் காலத்தில் ஏறினவா இறங்கினவா என்பதை மாதந்தோறும் அல்லது காலாண்டுதோறும் காட்டும் எண்கள் குறுங்காலப் பொருளியல் புள்ளிவிவரங்கள் எனப்படும். மைய வங்கி வட்டி வீதத்தை முடிவு செய்வதும் அரசு செலவைக் கூட்டிக் குறைப்பதும் பெரிதும் இவற்றை நம்பியே என்பதால், நாடுகள் சேர்ந்து இவற்றைச் சீராக்கும் முயற்சி 1990களிலிருந்து வலுப்பெற்றது. பன்னாட்டு நிதியம் 1996இல் தரவு வெளியீட்டுக்கான சிறப்புத் தர வரையறையை ஏற்படுத்தியது; இந்தியா அவ்வாண்டு டிசம்பரிலேயே அதில் இணைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் குறுங்காலப் புள்ளிவிவரங்களுக்கெனத் தனி ஒழுங்குவிதி இயற்றி, 2019இல் அதைத் தொழில்நிறுவனப் புள்ளிவிவரங்கள் அனைத்துக்குமான ஒரே விதியில் சேர்த்தது. ஐக்கிய நாடுகள் அவை தொழில் உற்பத்திக் குறியீட்டெண்ணுக்கான பரிந்துரைகளை 2010இல் புதுப்பித்தது. இம்முயற்சிகளில் இரண்டு கேள்விகளே முன்னின்றன: எண் எவ்வளவு விரைவில் வெளியாகிறது, ஒரு நாட்டின் எண்ணை மற்றொரு நாட்டின் எண்ணோடு ஒப்பிட முடியுமா என்பவை. அந்த எண் எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறது என்ற மூன்றாவது கேள்விக்கு அதே அளவு கவனம் கிடைக்கவில்லை. இடத்தை முதலில் வரையறுக்காமல் வேகத்தை மட்டும் கூட்டும் திட்டம், தொழில் செறிந்த வட்டாரங்களையே காணாமல் போகச் செய்துவிடும் என்பதற்கு ஓசூர் தெளிவான சான்று.

சிப்காட் தொழில் வளாகமும் சிட்கோ தொழிற்பேட்டையும் அமைந்த பின் ஓசூர் வளர்ந்த வேகம் அறியப்பட்டதே. 1980 அளவில் டிவிஎஸ் நிறுவனமும் அசோக் லேலண்டும், அவற்றையடுத்து டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் இங்கு உற்பத்தியைத் தொடங்கின. கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. 2021 முதல் ஏத்தர் நிறுவனம் ஓசூரிலும் ஓலா நிறுவனம் போச்சம்பள்ளி அருகிலும் மின்சார இருசக்கர வாகனங்களைத் தயாரிக்கின்றன. கெலமங்கலம் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் கைப்பேசிப் பாகங்களைச் செய்கிறது. ஆனால் இத்தொழில் வட்டாரம் மாநில எல்லையிலுள்ள ஜூஜூவாடியோடு முடிவதில்லை. அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகணி என்று கர்நாடகத்துக்குள் தொடரும் பட்டறைகளும் ஆலைகளும் ஒரே உற்பத்திச் சங்கிலியின் கண்ணிகள். புள்ளிவிவரத்தில் மட்டும் அவை இரண்டாகப் பிரிந்து, இரு வேறு மாநில எண்களுக்குள் கரைந்துவிடுகின்றன.

நாட்டின் தொழில் உற்பத்திக் குறியீட்டெண் உருவாகும் முறையைப் பார்த்தால் இதற்கான காரணம் விளங்கும். ஏதேனும் ஓராண்டை அடிப்படையாகக் கொண்டு, அவ்வாண்டின் உற்பத்தியை 100 எனக் கணக்கிட்டு, அதன்பின் ஒவ்வொரு மாத உற்பத்தியையும் அதனோடு ஒப்பிட்டுச் சொல்வது குறியீட்டெண். 2011-12ஐ அடிப்படையாகக் கொண்டு 2017 மே மாதம் அறிமுகமான தொடரில் சுரங்கத்துக்கு 14.37, ஆலை உற்பத்திக்கு 77.63, மின்சாரத்துக்கு 7.99 விழுக்காடு நிறை தரப்பட்டது; நிறை என்பது மொத்த எண்ணை நிர்ணயிப்பதில் ஒரு துறைக்குள்ள பங்கு. ஆலை உற்பத்திக்குள் பொருள்களின் பட்டியலும் அவற்றின் நிறைகளும் ஆண்டுத் தொழில் ஆய்வின் அடிப்படையில் முடிவாயின. அந்த ஆய்வோ அப்போதைய தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ்ப் பதிவான, மின்விசை இருந்தால் பத்துத் தொழிலாளரும் இல்லையேல் இருபது தொழிலாளரும் உடைய ஆலைகளிலிருந்து தொடங்கியது. அப்பட்டியல் முடிவானபோது மின்சார ஸ்கூட்டர் தொழில் இம்மாவட்டத்தில் பிறக்கவே இல்லை. எட்டுப் பேரை வைத்து மூன்று சிஎன்சி எந்திரங்களை இரண்டு ஷிப்டாக ஓட்டும் சிட்கோ பட்டறை ஆய்வின் வரம்புக்குள்ளேயே வருவதில்லை. தமிழ்நாட்டுப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை மாநிலக் குறியீட்டெண்ணைத் தொகுக்கிறது. மாவட்ட அளவில் கிடைப்பது ஆண்டுக்கொருமுறை வரும் மொத்த உற்பத்தி மதிப்பீடு மட்டுமே.

வேகத்தில் இந்தியா அடைந்த முன்னேற்றம் பாராட்டத்தக்கது. நிதியத்தின் வரையறை கேட்பது ஆறு வாரம். அதற்கேற்ப நெடுங்காலம் மாதத்தின் 12ஆம் நாள் வெளியான எண், 2025 ஏப்ரல் முதல் 28ஆம் நாளுக்கு மாறியதால் இடைவெளி நான்கு வாரமாகச் சுருங்கிவிட்டது. எனினும் விரைவு மதிப்பீடு எந்த அளவுக்கு ஒற்றைத் தகவலை நம்பி நிற்கக்கூடும் என்பதை 2012 ஜனவரி எண் காட்டியது. சர்க்கரை உற்பத்தி 58.09 லட்சம் டன் என்றிருக்க 134.08 லட்சம் டன் எனப் பதிவானதால், 6.8 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்ட தொழில் வளர்ச்சி அடுத்த மாதமே 1.1 விழுக்காடாகத் திருத்தப்பட்டது. அந்தச் சர்க்கரை எந்தெந்த வட்டாரத்தில் உற்பத்தியானது என்று பிரித்துப் பார்க்கும் அமைப்பு அன்று இருந்திருந்தால், வெளியீட்டுக்கு முன்பே இந்தப் பிழை கண்ணில் பட்டிருக்கும். இடவாரிப் பகுப்பு என்பது வட்டார ஆர்வலர்களுக்குச் செய்யும் சலுகை என எண்ணப்படுவது தவறு. தேசிய எண்ணின் சரிபார்ப்புக் கருவியே அதுதான்.

பட்டறைகளின் உற்பத்தியை மாதந்தோறும் எவ்வாறு அறிவது என்பதே கடினமான பகுதி. ஓசூர்ப் பகுதியில் ஒரு வார்ப்புப் பாகம் முழுமை பெறுமுன் பல கைகள் மாறுகிறது. வார்ப்பு ஓரிடத்தில், கடைசல் வேறோரிடத்தில், வெப்பச் செம்மையாக்கலோ முலாம் பூசுவதோ எல்லைக்கு அப்பால் என்று சென்று, மீண்டும் இங்கு வந்து ஆலைக்குள் நுழைகிறது. இதையே தொழில் வட்டாரத்தில் ஜாப் ஒர்க் என்கிறார்கள். பொருள் யாருடையதோ அவருடையதாகவே இருக்க, வேலைக்கான கூலி மட்டுமே பட்டறையின் வரவு. விற்பனை நடக்காததால் பொருளோடு போவது விலைப் பட்டியல் அன்று, டிசி எனப்படும் அனுப்புச் சீட்டுதான். விற்பனையை மட்டும் எண்ணும் கணக்கில் இப்பயணத்தின் பெரும்பகுதி பதிவாகாது.

இவ்விடத்தில் எல்லையே துணைக்கு வருகிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன; 2018 ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கிடையே செல்லும் சரக்குக்கு ஈ-வே பில் எனப்படும் மின்னணுச் சரக்குச் சீட்டு கட்டாயமாயிற்று. பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கே இது தேவை. தமிழ்நாட்டுக்குள் நகரும் சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம். ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு ஜாப் ஒர்க்குக்காகப் பொருளை அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவானாலும் பில் எடுத்தே ஆகவேண்டும். அதில் பொருளின் குறியீட்டு எண், மதிப்பு, அனுப்பும் காரணம், புறப்படும் இடத்தின் அஞ்சல் எண், சேரும் இடத்தின் அஞ்சல் எண் அனைத்தும் உள்ளன. ஓசூரின் 635109லிருந்து அத்திப்பள்ளியின் 562107க்குப் போகும் சிறு பெட்டிகூட எழுத்தில் இருக்க, ஓசூருக்குள்ளேயே ஒரு தெருவிலிருந்து மறுதெருவுக்குப் போகும் அதே பெட்டி பதிவின்றிப் போகிறது. மாநிலக் கணக்குகளைக் குருடாக்கும் எல்லை, உள்நாட்டு ஊர்களுக்குக் கிட்டாத ஒரு பதிவேட்டை இவ்வட்டாரத்துக்குத் தந்திருக்கிறது என்பது ஆய்வாளர் கவனத்துக்கு உரியது. இப்பதிவேட்டின் கூர்மையை 2020 ஏப்ரல் உணர்த்தியது. ஊரடங்கால் பல ஆலைகள் உற்பத்தியே இல்லை என்று தெரிவித்தமையால், அம்மாதக் குறியீட்டெண்ணை முந்தைய மாதங்களோடு ஒப்பிடுவது பொருந்தாது என்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகமே சொன்ன நிலையில், பிப்ரவரியில் 5 கோடிக்கு மேலிருந்த ஈ-வே பில்களின் எண்ணிக்கை ஒரு கோடிக்கும் கீழே விழுந்து நிலைமையை உடனடியாகக் காட்டிவிட்டது.

ஆயினும் வரிப் பதிவு வரிக்காக உண்டானது. புள்ளியியலுக்கு அதை அப்படியே எடுத்தாள முடியாது. ஜிஎஸ்டி பதிவு எண் மாநிலத்துக்கு ஒன்று வீதம் தரப்படுவதால், தமிழ்நாட்டுக்கான 33இல் தொடங்கும் ஒரே எண்ணின்கீழ் ஒரு நிறுவனத்தின் ஓசூர் ஆலையும் சென்னை ஆலையும் சேர்ந்துவிடலாம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளோர் மாதக் கணக்குக்குப் பதிலாகக் காலாண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யலாம். ஜாப் ஒர்க்குக்கான ஐடிசி-04 படிவமோ பெரியவர்களுக்கு அரையாண்டுக்கும் சிறியவர்களுக்கு ஆண்டுக்கும் ஒன்று. மாதந்தோறும் செய்தியாகும் வரி வசூலைத் தொழிலின் நாடித்துடிப்பாகக் கொள்வதும் ஆபத்தானது. 2025 செப்டம்பர் 22இல் 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களின் வரி 28லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தபோது, ஆலையில் ஒரு வண்டிகூடக் குறையாவிட்டாலும் வண்டிக்கு வசூலாகும் வரி குறையும். இவ்வரி நுகரும் மாநிலத்தைச் சேர்வதால், கான்பூரில் விற்ற ஓசூர் வண்டியின் பயன் உத்தரப் பிரதேசத்தின் கணக்கிலேயே நிற்கும்.

வேலைவாய்ப்பு எண்களிலும் இதே சிக்கல் உண்டு. 2025 முதல் மாத மதிப்பீடு தரும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு மக்களை வசிப்பிடத்தில் எண்ணுகிறது. ஓசூரில் குடியிருந்து பொம்மசந்திராவில் வேலை பார்ப்பவரின் வேலை தமிழ்நாட்டிலும் அவர் செய்யும் பொருள் கர்நாடகத்திலும் பதிவாகின்றன. இரண்டையும் வகுத்துக் காணும் உற்பத்தித் திறன் இருபுறமும் பிழையாகவே வரும். இதன் நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு லக்சம்பர்க். அந்நாட்டின் தொழிலாளரில் ஏறத்தாழ பாதிப்பேர் பிரான்சு, பெல்ஜியம், ஜெர்மனி ஆகியவற்றிலிருந்து நாள்தோறும் வந்துபோகிறவர்கள் என்பதால், அதன் தலைக்கு உற்பத்தி மதிப்பு மிகைபட்டுத் தெரிகிறது. அப்பகுதியின் புள்ளியியல் அலுவலகங்கள் எல்லைகளைக் கடந்து கூட்டாகத் தரவுகளை வெளியிடுகின்றன. தனித்தனி நாடுகளே இதைச் செய்ய முடியும்போது, ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு இது அரிதன்று.

பருவகாலத் திருத்தம், அதாவது ஆண்டுதோறும் ஒரே காலத்தில் நிகழும் ஏற்ற இறக்கங்களை நீக்கி எண்ணை வாசிக்கும் முறை, இவ்வட்டாரத்தில் தவிர்க்க இயலாதது. பெங்களூரா மாங்காய் வரத்தை நம்பிய கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் கோடையில் சில மாதங்களே முழுவீச்சில் ஓடுகின்றன. தேசிய எண்ணில் தெரியாத அந்த அலை மாவட்ட எண்ணைப் புரட்டிவிடும். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று நகர்வதால், பண்டிகைக்கு முந்தைய வண்டி உற்பத்தியை அதே மாதத்தின் சென்ற ஆண்டு எண்ணோடு ஒப்பிடுவது ஏமாற்றும். எல்லைக்கு இப்பால் பொங்கல் விடுமுறை பல நாள் நீள, அப்பால் சங்கராந்தி ஒரு நாளோடு முடிகிறது; நவம்பர் 1 அங்கு மட்டும் விடுமுறை. வேலைநாள் கணக்கையே இரு பக்கத்துக்கும் தனித்தனியாக வைக்கவேண்டியிருக்கும்.

வட்டாரத்துக்கென மாத எண் வெளியிடும் திட்டத்துக்கு எதிரான வலுவான வாதம் இரகசியக் காப்பு பற்றியது. 2008ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் தனிநிறுவனத்தின் தகவல் வெளியே தெரிவதைத் தடுக்கிறது. சில பெரிய ஆலைகளே உற்பத்தியின் பெரும்பங்கைத் தரும் மாவட்டத்துக்கு மாத எண் வெளியிட்டால், போட்டி நிறுவனம் எளிதில் கணக்குப்போட்டு மற்றவரின் உற்பத்தியைக் கண்டுகொள்ளும். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் இதன் தீர்வும் எல்லையைக் கடப்பதிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தோடு, அத்திப்பள்ளி முதலிய ஊர்கள் அடங்கிய கர்நாடகத்தின் ஆனேக்கல் வட்டத்தையும் சேர்த்து ஒரே வட்டாரமாக வரையறுத்தால், ஆலைகளின் எண்ணிக்கை கூடித் தனிநிறுவனத்தின் சுவடு மங்கும். பொருளியல் நோக்கிலும் அதுவே உண்மையான அலகு.

நடைமுறைக்குக் காலக்கணக்கும் இடம் தருகிறது. மாதக் கணக்குகள் அடுத்த மாதம் 20ஆம் நாளுக்குள் வருகின்றன. சிறு பட்டறைகளின் காலாண்டுக் கணக்கு, தமிழ்நாடு, கர்நாடகம் இரண்டிலும், காலாண்டு முடிந்ததற்கு அடுத்த மாதத்தின் 22ஆம் நாளுக்குள் வந்துவிடும். ஆகவே வட்டாரத்தின் மாத எண்ணைத் தேசிய எண் வெளியாகும் 28ஆம் நாளிலேயே, பெரிய ஆலைகளையும் ஈ-வே பில்களையும் கொண்டு வெளியிடலாம். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி வெளியீடுகளில் பட்டறைகளின் மூன்று மாதத் தொகையைச் சேர்த்து, முந்தைய இரு மாத எண்களைத் திருத்தி, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே அட்டவணையில் அருகருகே அச்சிடலாம்.