கொல்லிமலையும் கொல்லுலையும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையைப் புகழ்வார் பலர். அவன் அம்பின் முனையை வடித்த கொல்லனை நினைப்பார் சிலரே. ஆலைகள் பெருகிய இந்நாளில் கைத்தொழில் நிற்குமோ என நம் விசுவகர்ம குலத்துப் பெற்றோர் கவல்கின்றனர். அதற்கு நம் மலைநாட்டு வரலாறே விடை கூறும்.

கொல்லிமலையிலும் கஞ்சமலையிலும் காந்தத் தன்மையுடைய இரும்புக்கல் மிகுதி. முற்காலத்துச் சேலம் நாட்டார் அத்தகைய கல்லை இடித்துப் புடைத்து, மண்ணுலையிற் கரியோடு இட்டு, ஆட்டுத்தோல் துருத்தி ஊதி இரும்பெடுத்தனர். அவ்விரும்பை உலர்ந்த ஆவாரங்குச்சியோடு மண்மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயடைத்து, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் காய்ச்சினர். குச்சியும் இலையும் ஈந்த கரியால் இரும்பு எஃகாயிற்று. இந்திய எஃகின் இயல்பைப் பாரடே என்னும் அறிஞர் 1819-இல் இலண்டனில் ஆராய்ந்தார்.

1830-இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் பேருலை நிறுவினார். சேலத்துக் கல்லே அங்குச் சென்றது. விறகுக்கரி அரிதாகிச் செலவு மிகவே, அவ்வாலை அந்நூற்றாண்டிலேயே மூடப்பட்டது. பின்னர்ச் சீமை இரும்பு கப்பலிலும் இருப்புப்பாதையிலும் மலிவாக வந்திறங்க, நாட்டுலைகளும் அவிந்தன.

ஆயின் கொல்லன் பட்டறை அவிந்ததோ? இல்லை. இரும்பெடுக்கும் தொழில் மாய்ந்தது. இரும்பை வடிக்கும் தொழில் நின்றது. காரணம் யாது? இரும்புக் கட்டி எங்கும் ஒருதன்மைத்து; மலிந்ததே விலைபோகும். களைக்கொத்தோ அங்ஙனமன்று. மலைச்சரிவில் சாமை விளைப்பானுக்கு வேண்டும் வளைவு வேறு, சமநிலத்தானுக்கு வேறு. தேய்ந்த அலகைக் காய்ச்சித் தட்டித் துவைச்சலிட்டுத் தருபவன் அண்மையிலுள்ள கொல்லனே. அவனும் ஆலை எஃகாலாகிய பழைய லாரியின் வில்பட்டையைக் கொண்டே அரிவாள் வடிக்கின்றான்.

சந்தையிற் குவியும் ஆலை அரிவாள் நம் வருவாயைக் குறைத்தது உண்மையே, மறைத்தற்கில்லை. எல்லார்க்கும் பொதுவாய பொருளில் ஆலையோடு போட்டியிடுவார் தோற்பர். ஒருவர் கைக்கும் நிலத்திற்கும் ஏற்ப ஆக்குவார் நிற்பர். கணினிக்கு நிரல் எழுதும் நம் பிள்ளைகட்கும் இஃதொக்கும்.

ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் இட்ட முறையை இன்று நாம் பெரும்பாலும் ஆங்கிலேயர் எழுதிவைத்த குறிப்புகளினின்றே அறிகின்றோம். செய்தவர் வழியில் சொல்வாரில்லை. வடிக்கும் அறிவும் அந்நிலை எய்தலாகாது. ஆகலின், அன்பர்களே, பிள்ளைகளைக் கல்விச்சாலைக்கு அனுப்புக. விடுமுறை நாளில் பட்டறைக்கும் அழைத்துச் சென்று, காய்ந்த இரும்பின் நிறமறியக் கற்பிக்க.