அத்தியூர் வழக்கு

விழுப்புரம் கோர்ட்டுன்னா பலருக்கு நிலத்தகராறும் வாய்தாவும்தான் ஞாபகம் வரும். எனக்கு அத்தியூர்தான்.

1993 ஜூலை. திருட்டு வழக்கில் ஆள் தேடி வந்த புதுச்சேரி போலீஸார் ஆறு பேர், ஓர் இருளர் பெண்ணைக் கூட்டாக வன்புணர்ந்தார்கள் என்பது புகார். (பெயர் வேண்டாமே.) ஊரில் திருட்டுன்னா முதலில் இருளர் வீட்டுக் கதவைத் தட்டுவது இங்கே பழைய வழக்கம்தானே.

மானம் போயிடும்னு மூடி வைக்கிற விஷயம். அதுவும் போலீஸ் மேலேயே புகார்! அந்தப் பெண் பின்வாங்கவில்லை. திண்டிவனம் அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்திய பேராசிரியர் பிரபா கல்விமணி கூட நின்றார். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் பிறந்ததே இந்த வழக்கால்தான்.

2006ல் விழுப்புரம் நீதிமன்றம் ஆறு பேருக்கும் 10 ஆண்டு சிறை விதித்தது. 13 வருஷம்! ஒவ்வொரு தடவை கூண்டேறும்போதும் அதே ராத்திரியைத் திரும்பச் சொல்லணும், யோசிச்சுப் பாருங்க. அப்புறம் உயர்நீதிமன்றத்தில் அவர்கள் விடுதலையானார்கள்.

அப்போ எல்லாம் வீணா?

2011 நவம்பரில் திருக்கோவிலூர் பக்கம் நாலு இருளர் பெண்கள், போலீஸார் மேல் இதே மாதிரிக் குற்றம் சொன்னார்கள். இந்தத் தடவை சங்கம் இருந்தது. சில நாளிலேயே புகார் எஸ்.பி. வரை போனது. ஐந்து போலீஸார் சஸ்பெண்ட். அரசு அந்தப் பெண்களுக்குத் தலா 5 லட்சம் அறிவித்தது.