கணக்கில் வராத 147

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிடாதீர்கள். 'இதுவரைக்கும் வாடிவாசலைத் தாண்டி வந்ததிலேயே பெரிய காளை எது?' அவ்வளவுதான். கடைசி பஸ்ஸை விட்டுவிடுவீர்கள்.

ஒருத்தர் தன் ஊர்க் கோயில் மாட்டைச் சொல்வார். அடுத்தவர், 'அது ஓடுன மாடுப்பா... நின்னு விளையாடுன மாட்டைச் சொல்லு' என்பார். மூன்றாமவர் இருவரையும் கையமர்த்திவிட்டு, தன் அப்பா காலத்துக் காளை ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்துவார். அதை அந்தக் கூட்டத்தில் யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். அதனாலேயே அதை யாராலும் மறுக்கவும் முடியாது!

வருடத்தின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக நடப்பது இந்த மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில். 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு, அதை உலக சாதனையாகப் பதிவு செய்தார்கள். எத்தனை காளை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எந்தக் காளை என்பதற்கு? அது ஜனங்களின் ஞாபகத்தில்தான். குடுமியான்மலையில் சங்கீதத்தையே பாறையில் வெட்டிவைத்த மாவட்டம் இது. ஆனாலும் காளைகளின் வரலாறு பெரும்பாலும் டீக்கடை பெஞ்சிலேயே இருக்கிறது.

சரி, எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால் இந்தச் சண்டை தீர்ந்துவிடுமா?

அதற்குப் பதில் வேண்டுமென்றால் இங்கிலாந்து வரை ஒரு நடை போய்வர வேண்டும். தேதி, இடம், எதிராளி, எடுத்துக்கொண்ட நிமிடம், விநாடி... எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும் ஓர் ஆட்டம் அங்கே இருக்கிறது. ஸ்னூக்கர்.

டி.வி. சேனல் மாற்றும்போது பார்த்திருப்பீர்கள். பச்சைத் துணி போர்த்திய, 12 அடி நீள மேஜை. அதைச் சுற்றிக் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி கோட்டும் போவும் போட்ட இரண்டு பேர், கையில் குச்சியோடு. குச்சிக்குப் பெயர் க்யூ. வெள்ளைப் பந்தை அடித்து, அதைக்கொண்டு மற்ற பந்துகளைக் குழிகளில் விழவைக்க வேண்டும். சிவப்புப் பந்துகள் 15. ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. ஒரு சிவப்பைப் போட்டால் அடுத்து ஒரு கலர் பந்து. மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பிரவுனுக்கு 4, நீலத்துக்கு 5, பிங்க்குக்கு 6, கறுப்புக்கு 7. சிவப்பு மிச்சமிருக்கும் வரை, விழுந்த கலர் பந்து மறுபடி மேஜைக்கு வந்துவிடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். 15 சிவப்பு, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு கறுப்பு. 15 பெருக்கல் 8... 120. கடைசியில் ஆறு கலர் பந்துகளும் வரிசையாக உள்ளே போனால் 27. மொத்தம் 147. ஒரு தவறும் இல்லாமல் தொடர்ந்து 36 அடி. எதிராளி தவறு செய்து தானம் கொடுத்தால் தவிர, இதற்கு மேல் போக முடியாது. 'மேக்ஸிமம் ப்ரேக்' என்பார்கள்.

தொழில்முறை ஆட்டத்தில் அதிகாரபூர்வமான 147-களின் எண்ணிக்கை இப்போது 200ஐத் தாண்டிவிட்டது. அத்தனையும் பட்டியலில் இருக்கின்றன. சண்டை தீர்ந்ததா? ம்ஹும்! அதிகமாகிவிட்டது. எல்லாமே 147 என்றால், அதில் சிறந்த 147 எது?

பி.காம். படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஜர்னலில் ஒரு பதிவு போட்டால், தொகைக்குக் கீழே சின்னதாக ஒரு வரி எழுதச் சொல்வார்கள். இன்ன காரணத்துக்காக, இன்னாருக்குக் கொடுத்தது. 'நரேஷன்' என்று பெயர். அது இல்லையென்றால் அந்தத் தொகை வெறும் எண். ஸ்னூக்கர் ரசிகர்கள் வருடக்கணக்காகச் சண்டை போடுவது தொகைக்காக அல்ல, கீழே இருக்கும் அந்த ஒரு வரிக்காக.

அந்த வரிகளைப் பார்க்கும் முன், கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஏனென்றால் அது நம்ம ஊரில் இருக்கிறது.

1875. ஜபல்பூரில் முகாமிட்டிருந்த ஒரு பிரிட்டிஷ் ரெஜிமென்ட். மழைக்காலம். ஆபீசர்களுக்குப் பொழுது போகவில்லை. நெவில் சேம்பர்லைன் என்ற இளம் லெஃப்டினன்ட் (ஹிட்லரை நம்பி ஏமாந்த பிரதமர் இல்லை, இவர் வேறு!) பில்லியர்ட்ஸ் மேஜையில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த 15 சிவப்புப் பந்து ஆட்டத்தில் கலர் பந்துகளையும் சேர்த்துவிட்டார். ராணுவக் கல்லூரியில் முதல் வருட மாணவர்களுக்குக் கேலிப்பெயர் 'ஸ்னூக்கர்'. சுலபமான பந்தைத் தவறவிட்ட நண்பரைப் பார்த்து அதைச் சொல்லிக் கிண்டலடித்தார். 'இந்த ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்தானே' என்று ஒரு சமாதானமும் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு அவர் மதராஸ் ராணுவத் தளபதி ராபர்ட்ஸின் பரிவாரத்தில் ஒருவராக ஊட்டிக்கு வந்தார். 1882ல், ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைச் சுவரில் ஸ்னூக்கரின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன. பொழுதுபோக்கு ஓர் ஆட்டமாக மாறியது அந்தக் காகிதத்தில்தான். ஆட்டத்தைக் கண்டுபிடித்தது யார் என்று பின்னாளில் சர்ச்சை வந்தபோது, 1938ல், 80 வயதைத் தாண்டிய சேம்பர்லைன் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, 'நான்தான் சாமி' என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்குள் 63 வருடம் போயிருந்தது!

ஆக, இந்த ஆட்டம் பிறந்ததிலிருந்தே அதற்கு ஒரு ஜாதகக் கோளாறு. நடந்தால் போதாது, எழுதப்பட வேண்டும்.

முதல் அதிகாரபூர்வ 147ஐ எடுத்தவர் ஜோ டேவிஸ். 1955 ஜனவரி 22, லண்டன் லெஸ்டர் ஸ்கொயர் ஹால். எதிரில் வில்லி ஸ்மித். உலக சாம்பியன்ஷிப்பைத் தொடர்ந்து 15 முறை வென்ற மனிதர் டேவிஸ். அவருக்கே சங்கம் உடனடியாக அங்கீகாரம் தரவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்கள் பின்பற்றிய ஒரு விதி, சங்கத்தின் புத்தகத்தில் இல்லையாம். 1957ல்தான் சம்மதித்தார்கள். இரண்டாவது 147, 1965ல் ரெக்ஸ் வில்லியம்ஸ், தென்னாப்பிரிக்காவில். இரண்டுமே கண்காட்சி ஆட்டங்கள். கோப்பைக்கான போட்டியில் யாரும் எடுத்ததாகப் பதிவில்லை.

1979 ஜனவரி. ஸ்லோ நகரம். மூன்று முறை உலக சாம்பியனான ஜான் ஸ்பென்சருக்கு 43 வயது. கனடாக்காரர் கிளிஃப் தோர்பர்ன் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு... ஸ்பென்சர் 147ஐ முடித்துவிட்டார். போட்டியில் முதல் முறை!

டி.வி.யில் காட்டப்படும் போட்டி அது. ஆனால் அந்த நேரத்தில் கேமரா ஓடவில்லை. படப்பிடிப்புக் குழு ஓய்வுக்குப் போயிருந்தது. அதுவாவது போகட்டும். மேஜையின் குழிகள் அதிகாரபூர்வ அளவில் இல்லை, கொஞ்சம் தாராளம் என்று சொல்லி, அந்த 147ஐப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, 1982 ஜனவரி 11, ஓல்டாம். லாடா கார் கம்பெனியின் பெயரில் போட்டி. ஸ்டீவ் டேவிஸ் என்ற 24 வயது இளைஞர் 147 எடுக்கிறார். குழிகள் சரியான அளவு, கேமரா ஓடுகிறது. போட்டியில் எடுக்கப்பட்ட முதல் அதிகாரபூர்வ 147, டி.வி.யில் பதிவான முதல் 147 எல்லாமே அதுதான். பரிசு ஒரு லாடா கார்.

அன்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? ஜான் ஸ்பென்சர்.

கதை இன்னும் முடியவில்லை. 1979ல் ஸ்பென்சருக்கு எதிரில் உட்கார்ந்திருந்த தோர்பர்ன் ஞாபகம் இருக்கிறதா? 1983 ஏப்ரல் 23, ஷெஃபீல்ட் நகரத்தின் க்ரூஸிபிள் அரங்கம். உலக சாம்பியன்ஷிப்பில் டெரி க்ரிஃபித்ஸுக்கு எதிராக அவர் 147 எடுத்தார். உலக சாம்பியன்ஷிப்பில் அதுதான் முதல். முதல் சிவப்பு விழுந்ததே குருட்டு அதிர்ஷ்டத்தில்! பக்கத்து மேஜையில் ஆட்டம் நின்றுவிட்டது. அங்கே ஆடிக்கொண்டிருந்த சக கனடாக்காரர் பில் வெர்பெனியுக் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கறுப்பு விழுந்ததும் தோர்பர்ன் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஆட்டம் முடிந்தபோது விடிகாலை 3 மணி 51 நிமிடம். ஜெயித்தார். ஆனால் களைத்துப்போய், இறுதி ஆட்டத்தில் ஸ்டீவ் டேவிஸிடம் 18-6 என்று தோற்றார்.

பழைய ரசிகர்களின் ஓட்டு இன்றைக்கும் தோர்பர்னுக்கு. இளசுகளின் ஓட்டு? சந்தேகமில்லாமல் ரானி ஓ'சல்லிவன். 1997 ஏப்ரல் 21, அதே க்ரூஸிபிள், எதிரில் மிக் ப்ரைஸ். 36 பந்துகளையும் 5 நிமிடம் 20 விநாடியில் முடித்தார். ஓர் அடிக்கு 9 விநாடிகூட ஆகவில்லை. நீங்கள் ஒரு டீ குடிக்கும் நேரம்! 147க்கு மட்டும் பரிசு 1,47,000 பவுண்ட். கிட்டத்தட்ட 20 வருடம் கழித்து வீடியோவைப் போட்டு மறுபடி நேரம் பார்த்ததில், கடிகாரத்தை எங்கே தொடங்குவது என்பதில் தகராறு. இப்போது கின்னஸ் சொல்வது 5 நிமிடம் 8 விநாடி. எழுதி வைத்ததும் மாறுகிறது பாருங்கள்.

இதே ரானி, 2010ல் கிளாஸ்கோவில், ஆட்டம் தொடங்கியதுமே '147 எடுத்தால் எவ்வளவு தருவீர்கள்' என்று விசாரித்தார். தனிப் பரிசு கிடையாது என்று தெரிந்தது. 140 எடுத்துவிட்டு, கடைசிக் கறுப்பை அடிக்காமல் எதிராளி மார்க் கிங்குக்குக் கை கொடுத்துவிட்டார். நடுவர் யான் வெர்ஹாஸ், 'ரசிகர்களுக்காகவாவது அடி' என்று வற்புறுத்திய பிறகுதான் அடித்தார். திமிர் என்பார்கள் சிலர். உழைப்புக்குக் கூலி கேட்டான், என்ன தப்பு என்பார்கள் சிலர். அந்த விவாதம் தனி.

பட்டியலில் இருப்பதற்குள் என் ஓட்டு யாருக்கு என்று கேட்டால், 1997 ஜனவரி, ஸ்டீஃபன் ஹென்ட்ரி. ஓர் இறுதி ஆட்டத்தில் 8-2 என்று முன்னால் இருந்தார். எதிரில் இருந்த ரானி வரிசையாக ஆறு ஃப்ரேம்களை ஜெயித்து 8-8 ஆக்கிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் கை நடுங்கியிருக்கும். ஹென்ட்ரி கடைசி ஃப்ரேமில் 147 எடுத்தார். தோற்க இருந்தவன் அடித்த 147!

இந்தியா எங்கே என்கிறீர்களா? 1988ல், நம் தேசியப் போட்டியிலேயே கீத் சேத்தி 147 எடுத்தார். அமெச்சூர் என்பதால் தொழில்முறைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இந்தியர் ஆதித்யா மேத்தா. 2014 ஆகஸ்ட், ஜெர்மனியின் ஃபுர்த் நகரம், எதிரில் ஸ்டீஃபன் மெக்வயர். ஜபல்பூரில் ஆட்டம் பிறந்து 139 வருடம் ஆகியிருந்தது. 2025ல் தோஹாவில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் சர்வதேசக் கூட்டமைப்பின் மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். ஊட்டியில் விதி எழுதிய மாநிலத்துக்கு அது வந்து சேர 143 வருடம்.

ஏன் இவ்வளவு தாமதம்? அன்றைய வெள்ளைக்காரர் கிளப்புகளின் பில்லியர்ட்ஸ் அறையில் இந்தியர்களுக்குக் கிடைத்த வேலை 'மார்க்கர்'. பந்தை எடுத்து வைப்பது, துரைமார் எடுத்த புள்ளியைச் சொல்வது, பலகையில் குறிப்பது. ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் தினமும் கண்ணுக்கு எதிரே. கிளப் காலியாக இருக்கும் மதியங்களில் க்யூவைக் கையில் எடுத்துப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? அவர்கள் எடுத்த புள்ளியை யார் குறித்தார்கள்? அடுத்தவன் கணக்கை எழுதியவனின் கணக்கு எங்கேயும் இல்லை.

ஸ்பென்சராவது கொடுத்துவைத்தவர். 'கணக்கில் சேராது' என்றாவது அவரைப் பற்றி எழுதி வைத்தார்கள். 2006ல் அவர் இறந்துபோனார். ஸ்னூக்கர் ரசிகர்கள் இன்றைக்கும் அந்த 147ஐப் பற்றிப் பேசுகிறார்கள். பேசுவதற்குத் தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது, எதிரில் உட்கார்ந்திருந்தவர் பெயர் இருக்கிறது.

ஆகவே, எழுதி வைத்தால் சண்டை தீராது. ஆனால் சண்டை போடுவதற்கு ஆதாரம் மிஞ்சும். உங்கள் ஊரில் பிடிபடாமல் நின்ற காளை, கபடியில் பேர் வாங்கிய அண்ணன், கேரம் போர்டில் யாரையும் ஜெயிக்க விடாத சித்தப்பா... யாராவது இருப்பார்கள். அவர்களைப் பார்த்த கண்கள் இன்னும் எத்தனை பொங்கல் பார்க்குமோ தெரியாது. பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டு கிடைக்கிறது. தேதியைப் போட்டு எழுதிவிடுங்கள். கீழே மறக்காமல் ஒரு வரி நரேஷனும்!